முன்வரிசைக்கு ஓர் இருள்வீரன்

சின்னவளின் பாடகி செத்துப்போனது பின்வரிசையில். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முன்னால் நின்று வாளை வீசிச் செத்திருந்தாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பத்திரமான இடம் என்று அக்கா பார்த்துப் பார்த்து நிறுத்திய இடத்தில், எல்லோருக்கும் பின்னால், ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடாமல், எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு மண்டையைப் போட்டாள் அந்தப் பாடகி.

விளையாட்டுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்த வேண்டும். ஒருவர் கதை சொல்வார். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டால் அங்கே ஒரு காடோ கோட்டையோ முளைத்துவிடும். கதை சொல்பவர் அக்காவின் கணவர், சின்னவளுக்கு மாமா. வாரம் முழுக்க ஓட்டுநர் தேர்வு நடத்தி, கண்ணாடி பார்க்காமல் வண்டியை நகர்த்துகிறவர்களை ஈவிரக்கமில்லாமல் ஃபெயில் ஆக்குகிற மனிதர். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். விளையாட்டிலும் காயம் ஆற்றும் மருத்துவச்சியாகத்தான் வருவாள், வேறு எதுவும் அவளுக்கு ஆகாது. நான்காவது ஆள் பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக். அவருடைய மீசை அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டி வந்துவிடும் என்பதால் அவர் பெயரே மீசை. இந்தக் கதையில் அவர் ஒரு திருடன்.

சின்னவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். பிசைந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். போன வருடம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இனி எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. அக்கா நம்பினால்தானே? தானே போய்ப் பேக்கரி முதலாளியிடம் பேசித் தங்கையைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டாள். காய்கறிப் பையைக்கூடத் தூக்க விடுவதில்லை. போதாக்குறைக்குக் கற்பனைக் காட்டுக்குள்ளும் பின்வரிசை. அக்காவின் அன்பில் சின்னவளுக்கு மூச்சு முட்டியது.

பாடகியைப் புதைத்த கையோடு அவள் அறிவித்தாள். "அடுத்து நான் செய்யப்போறது இருள்வீரன். முன்னாடி நிப்பான்."

"அப்படி ஒரு வகையே இந்த விளையாட்டுல கிடையாதே" என்றார் மாமா.

"பாதி போர்வீரன், பாதி சூனியக்காரன். ரெண்டையும் கலந்தா வர்றவன்தான் மாமா."

மீசை வாய்விட்டுச் சிரித்தார். "அரை வாள், அரை மந்திரம். ரெண்டும் கெட்டான்னு சொல்லும்மா!"

"வேணாம்டி" என்றாள் அக்கா. "முன்னாடி நின்னா முதல் அடி உனக்குத்தான்."

"தெரியும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

வாக்குவாதம் முற்றி, மாமா தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறு கோட்டை வாசலில் இரும்புப் பூதம் காத்திருக்கிறது. அந்த ஒரு சண்டையில் இருள்வீரன் தாக்குப்பிடித்தால் முன்வரிசை அவளுக்கு. விழுந்தால், கதை முடிகிற வரைக்கும் பின்வரிசை, அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அக்கா உடனே சம்மதித்தாள். பூதத்திடம் தங்கை தோற்றுவிடுவாள் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்கச் சின்னவள் கல்லாவில் உட்கார்ந்து இருள்வீரனைக் கட்டினாள். அவளுக்குக் கிடைத்தது ஆறு படிகள். ஒவ்வொரு படியையும் போர்வீரனுக்குக் கொடுக்கலாம், அல்லது சூனியக்காரனுக்குக் கொடுக்கலாம். சூனியத்தின் இரண்டாம் படியில் 'குருதிப் பசி' என்று ஒரு வரம் இருந்தது. உடம்பில் எவ்வளவு உயிர் குறைகிறதோ அவ்வளவும் வாளின் பலத்தோடு சேரும். கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும். மீசைகூட ஒருமுறை ஆசைப்பட்டு எல்லாப் படியையும் சூனியத்திலேயே கொட்டினார், முதல் அடியிலேயே சுருண்டு விழுந்தார். காயம் பட்டால்தான் பலம், ஆனால் காயத்தைத் தாங்க உடம்பில்லை.

போர்வீரனின் நான்காம் படியில் 'விழ மறுத்தல்' என்று ஒரு திறமை. உயிரே போகிற அடி விழுந்தாலும், சண்டைக்கு ஒருமுறை, ஒரே ஒரு புள்ளி உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதை யாரும் சீந்துவதில்லை. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிப்பது?

புதன்கிழமை, ரொட்டி வாங்க வந்த ஒருவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது, அவள் மனதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஒரு புள்ளிதான் மிச்சமென்றால் மற்றதெல்லாம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். குறைந்ததெல்லாம் வாளில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அவள் கல்லாவைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் வந்தவர் ஒரு அடி பின்வாங்கினார். முதலில் போர்வீரன், நான்கு படி. மேலே சூனியம், இரண்டு படி. எதற்கப்புறம் எதைச் சேர்ப்பது என்று மாவு பிசைந்த கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு சிக்கல். நடுவில் யாராவது காயத்தை ஆற்றினால் பசி அடங்கிவிடும், வாள் வெறும் இரும்பாகிவிடும். சின்னவள் அதை அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அக்கா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே "சரி சரி" என்றாள்.

ஞாயிறு வந்தது. மாமா இருள்வீரனின் படிகளை எழுதிய தாளை வாங்கி, வண்டியைச் சுற்றிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்காவது இடிக்காதா என்று விதிப்புத்தகத்தையும் புரட்டினார். "தப்பு சொல்ல இடமில்ல" என்று முனகினார். அவரை அறிந்தவர்களுக்கு அது பாராட்டுப் பத்திரம்.

பூதம் எழுந்தது. முதல் அடியிலேயே இருள்வீரனின் உயிரில் பாதி போயிற்று. சின்னவள் சந்தோஷமாகப் பகடைக்குக் கை நீட்டுவதற்குள் மேசையில் வேறொரு பகடை உருண்டது.

"ஆத்திட்டேன்!" என்றாள் அக்கா, முகமெல்லாம் மலர்ச்சியாக. "முழுசா ஆறிடுச்சு!"

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. மானிட்டரில் எண் குறைந்தால் கை தானாகப் போகும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். பசி அடங்கிய வாள் பூதத்தின் மேல் பட்டு 'டங்' என்றது. பூதம் அசையவில்லை. திருடனின் கத்திகளும் முனை மழுங்கித் திரும்பின.

"போச்சு. மொத்தக் குடும்பமும் காலி" என்றார் மீசை.

இரண்டாவது அடி விழுந்தது. மறுபடியும் பாதி போயிற்று. அக்காவின் கை மறுபடியும் பகடையை நோக்கி நகர்ந்தது.

"அக்கா, கையை எடு."

"செத்துருவடி!"

"செத்தா சாகிறேன். ஒரு தடவை என்னை அடி வாங்க விடு. நான் ஆபரேஷன் தியேட்டரை விட்டு எப்பவோ வெளிய வந்துட்டேன்க்கா. நீதான் இன்னும் வாசல்லயே நின்னுட்டு இருக்க."

மீசை தன் மீசையைத் தடவினார். மாமா விதிப்புத்தகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் கையை மெல்ல இழுத்து, தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இந்த முறை சின்னவளின் வீச்சு தவறிப்போயிற்று. மாமா பூதத்துக்காகப் பகடையை உருட்டினார். அவருக்குச் சலுகை காட்டத் தெரியாது, மைத்துனி என்றாலும் சரி. விழுந்தது பெரிய எண்.

"உயிர் தீர்ந்தது" என்றார்.

"விழ மறுக்கிறேன்" என்றாள் சின்னவள்.

"ஒரு புள்ளி" என்றார் மாமா. அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கை வெளியே வரவில்லை.

மாமா வாளின் பலத்தைக் கூட்டிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி மறுபடி கூட்டினார். "பன்னிரண்டுக்கு மேல விழுந்தா அடி பட்டுடும்" என்று மெதுவாகச் சொன்னார். "பட்டா, பூதத்தோட கதை முடிஞ்சுது."

சின்னவள் உருட்டினாள். பகடை டீ கோப்பையில் மோதி, ஒரு சுற்று சுற்றி நின்றது. பதினேழு.

"வாள் பூதத்தோட இடுப்புல இறங்குது, தோள் வழியா வெளிய வருது!" மாமாவின் குரல் உயர்ந்தது. தேர்வு அதிகாரி எங்கேயோ போய்விட்டார். "பூதம் ரெண்டா பிளந்து சாயுது, கோட்டைக் கதவும் சேர்ந்து சாயுது!"

மீசை எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "ரெண்டும் கெட்டான் இல்லம்மா, ரெண்டும் கெட்டிக்காரன்!" என்று கூத்தாடினார். சின்னவள் மேசையைக் குத்திக் கத்தினாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயமில்லை. நல்ல இதயம் ஒன்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதை அவள் ரசித்துக் கேட்டாள்.

அக்கா கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"எவ்வளவு உயிர் இருக்கு?"

"ஒண்ணு."

அக்காவின் பார்வை பகடைக்குப் போய்த் திரும்பி வந்தது. "ஆத்தட்டுமா?" என்றாள். இத்தனை நாளில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப வேணாம்க்கா. வேணும்னா நானே கேக்கிறேன்."

"சரி" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்ப நீ முன்னாடி போ. நாங்க உன் பின்னால வர்றோம்."