காலுறையைக் கழற்றாதவர்

உறவுக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இரும்புப்பெட்டி. வீட்டுச் சங்கதி எதுவும் அவர் வாயிலிருந்து கசிந்ததில்லை. பாதத்தில் பரவிவந்த கறுப்புத் திட்டையும் அப்படித்தான், மனைவிக்குக்கூடத் தெரியாமல் காலுறைக்குள் பூட்டி வைத்திருந்தார். புற்றுநோய் என்ற சொல் வெளியே போனால் குடும்பப் பெயரே கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

கன்னத்து மருவைக் காட்டத்தான் மருமகள் அவரைத் தோல் மருத்துவரிடம் இழுத்து வந்தாள். மரு ஒன்றும் செய்யாது என்ற அந்த அம்மாள் அதோடு விடவில்லை. உச்சந்தலை, காதுமடலின் பின்புறம், விரல் இடுக்கு, நகம் என்று விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"சாக்ஸைக் கழட்டுங்க ஐயா."

"கால்ல ஒண்ணும் இல்லம்மா."

"தங்கக்கட்டியா ஒளிச்சு வச்சிருக்கீங்க? நாங்க பங்கு கேக்க மாட்டோம்," என்றார் நர்ஸ்.

இரும்புப்பெட்டி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மருத்துவர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மருமகளை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். குட்டை முக்காலியில் அமர்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் இந்த ரூமைத் தாண்டாது ஐயா."

காலுறையை இரும்புப்பெட்டி தாமே உருவினார்.

மருத்துவர் மழுப்பவில்லை. "புற்றுநோயா இருக்கலாம். ஆழமாப் போகலைன்னு நினைக்கிறேன். துளி சதை எடுத்துச் சோதிச்சுப் பார்த்துடலாம்."

சோதனை முடிவு மருத்துவர் நினைத்தபடியே இருந்தது. வீட்டில் இரும்புப்பெட்டி மனைவிக்கும் மருமகளுக்கும் மட்டும் சொன்னார். அறுவை மருத்துவர் சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டி, தொடைத் தோலை எடுத்துப் பாதத்தில் ஒட்டினார். வெட்டியதை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஆய்வக மருத்துவர், சந்தேகம் வந்த ஒரு விளிம்பை மறுபடி சீவிப் பார்த்த பிறகே வாய் திறந்தார்: சுத்தம். கட்டு மாற்றிய நர்ஸ், "தங்கத்தை எடுத்துட்டோம், பங்கு எங்க?" என்றதும் இரும்புப்பெட்டி வாய்விட்டுச் சிரித்தார். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவோ துருவியும் ஆஸ்பத்திரிக்காரர்களில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. தம்மை விஞ்சிய ஆட்கள்தான் என்று மெச்சிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தோல் மருத்துவர் சொன்னார்: "கூடப் பிறந்தவங்களும் ஒரு தடவை காட்டிக்கிட்டா நல்லது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

கார் வாசலைத் தாண்டுமுன் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"எனக்குக் கால்ல புற்றுநோய் வந்துச்சுண்ணே. எடுத்துட்டாங்க."

"மெதுவாப் பேசுடா! நம்ம குடும்பத்துல அதெல்லாம் கிடையாது!"

"கிடையாதான்னு பார்த்துச் சொல்ல ஆள் இருக்காங்க. திங்கக்கிழமை வாங்க. சாக்ஸைக் கழட்டிட்டு அந்தம்மா முன்னால உக்காருங்க. நம்ம மானம் அங்க பத்திரமா இருக்கும்."