ஆறினால்தான் சொட்டும்

இன்னொரு தடவை லாரி வழியில் கொதித்து நின்றால் சாவியை வேறு ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி அக்காவிடம் சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாக அவள் ஓட்டும் வண்டி. அதை இரண்டு தடவை பழுது பார்த்து, “எங்கயும் ஒழுகல” என்று அடித்துச் சொன்ன மெக்கானிக் அவளுடைய சொந்தத் தம்பி.

இந்தத் தடவை ஒரு கை பார்த்துவிடுவது என்று, விடிந்ததும் அவனே லாரி நிற்கும் இடத்துக்கு வந்தான்.

“என்னடா, டாக்டரே வீடு தேடி வந்துட்டாரு?”

“ஸ்டார்ட் பண்ணிடாதக்கா. என் ஷெட்டுக்கு நீ வர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடுது. ஆறிப்போய் நான் பார்த்ததே இல்ல. வண்டிக்கு அடியில அட்டை விரிச்சியா?”

“நீ சொன்ன மாதிரியே நேத்து சாயங்காலம்.”

அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்தான். ரேடியேட்டரில் குறைந்திருந்ததை அவன் நிரப்பினான். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிவிட்டு, அடியில் போய் மல்லாந்து படுத்தான்.

“தூங்கிட்டியா?”

“வாய மூடுக்கா.”

கால் மணி நேரம் கழித்து அவன் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாய், அந்த ஹோஸ்தான். போன மாதம் அதை இறுக்கும் கிளாம்பை மட்டும் மாற்றிவிட்டு, இறுகிப்போன பழைய ரப்பரையே அவன் திரும்ப மாட்டியிருந்தான். சூட்டில் அது உப்பி அடைத்துக்கொள்ளும். ஆறினால் பிடியை விட்டுவிடும்.

வெளியே வந்தான். “என் வேலதான்க்கா. சோம்பேறித்தனம்.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “திட்டறத அப்புறம் வெச்சுக்கறேன். முதல்ல மாட்டு.”

கூலன்ட்டை வாளியில் வடித்து, குழாயின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்து, புது ஹோஸ் போட்டு முறுக்கினான். மறுபடி நிரப்பி, இன்ஜினைச் சூடாக்கி அணைத்தான். சாவி அவன் சட்டைப் பைக்குள் போனது.

“டேய், பத்து மணிக்கு லோடு ஏத்தணும்.”

“ஆறாம தரமாட்டேன்.”

முதலாளியின் போன் வந்தது. அக்கா எடுப்பதற்குள் அவன் பிடுங்கிக்கொண்டான். “அண்ணே, மெக்கானிக் பேசறேன். வண்டி கொதிச்சது என் தப்பால. அக்கா மேல ஒண்ணுமில்ல. பன்னெண்டு மணிக்கு வரும்.” அந்தப் பக்கம் விழுந்த வசவு முழுவதையும் நின்று கேட்டான்.

பதினொன்றரைக்கு இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறியிருந்தது. கிளாம்பை இன்னும் அரைச் சுற்று முறுக்கி, மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்தான். அடியில் விரித்திருந்த புது அட்டை காய்ந்தே கிடந்தது.

அக்கா அதை மடித்துத் தன் இருக்கைக்குப் பின்னால் செருகினாள்.

“அது எதுக்கு?”

“இன்னைக்கு ராத்திரியும் விரிப்பேன். காலையில ஒரு சொட்டு இருந்துச்சு, உன்னத் தேடி வந்து உதைப்பேன்.”

அவன் சாவியைக் கொடுத்தான்.