சோமன் எழுதிய விவசாயம்

சோமனுக்கு மலையாளம் சரியாக வராது என்று யாராவது சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கேரள எல்லையோரம் அமரவிளை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி இரண்டு பாஷையும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் பேச்சில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எழுதினதில்தான் வந்தது வினை.

1997 ஜூன் மாதம், வீடு கட்ட அனுமதி கேட்டுப் பஞ்சாயத்தில் கொடுத்த மனு திரும்பி வந்தது. வீடு கட்ட வாங்கியிருந்த பதினொரு சென்டும் தொழில் நிலமாம். அதில் தொழிற்கூடம் கட்டலாம், குடியிருக்க வீடு கட்டக்கூடாதாம். சோமனின் மனைவி சௌதாமினி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக அவர்கள் கொல்லயிலில் சோமனின் அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் குடியிருக்கிறார்கள். அடுப்படி அண்ணன் மனைவி புஷ்பபாயுடையது. அவள் சமைத்து முடித்து அடுப்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் சௌதாமினி உள்ளே போகலாம். மகள் ஆதிரா பசி என்று அழுதாலும் அதுதான் சட்டம். புஷ்பபாய் ஒன்றும் கெட்டவள் இல்லை. ஆனால் இரவல் அடுப்பில் பன்னிரண்டு வருஷம் கஞ்சி வைத்துப் பார்த்தால்தான் அந்த வேதனை தெரியும். கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து சௌதாமினி தன் பெயரில் நிலம் வாங்கியது, உண்மையைச் சொன்னால், வீட்டுக்காகக்கூட இல்லை. ஒரு அடுப்புக்காக.

தானே போய்ப் பேசுவதாகச் சோமன் சொன்னான். நீங்க பேசினது போதும் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அவளே கிளம்பினாள்.

பஞ்சாயத்தில் கட்டட மனுக்களைப் பார்க்கிற ஓவர்சியர் கருணாகரன் கேரளத்தின் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் அரைகுறை. பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்களே, எனக்கு மட்டும் என்ன என்று அவள் கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்ததால் அவர் பழைய காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார். அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் கூரை ஓடு செய்கிற கம்பெனி. கம்பெனி மூடி நிலம் துண்டு துண்டாக விலைபோனபோது, இதை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று வாங்கியவர்களிடம் பஞ்சாயத்து எழுதி வாங்கியது. வீடு என்று எழுதியவர்களுக்கு வீட்டு நிலம். கிருஷி என்று எழுதியவர்களுக்குக் கிருஷி நிலம். சௌதாமினிக்காகச் சோமன் நிரப்பிய படிவத்தில், அவனுடைய குண்டு குண்டான மலையாள எழுத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது: விவசாயம்.

வீடு கட்டுகிறவரை மரச்சீனிக் கிழங்கு நடலாம் என்று நினைத்து எழுதியிருக்கிறான். ஆனால் மலையாளத்தில் உழவுக்குக் கிருஷி என்றுதான் பெயர். அங்கே உள்ளது வியவசாயம். அதற்குப் பொருள் கம்பெனி, ஆலை, தொழில். அன்றைக்கு இருந்த கிளார்க், யாரோ எழுதத் தெரியாத மனுஷன் எழுத்தை விட்டுவிட்டான் என்று இரக்கப்பட்டு, சிவப்பு மையில் அதைத் திருத்தி, நிலத்தைத் தொழில் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

சௌதாமினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதை மாற்ற முடியாதா என்று கேட்டாள். முடியும், ஆனால் திருவனந்தபுரத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், இரண்டு வருஷம் ஆனாலும் ஆகும், மாற்றினாலும் அது கிருஷி நிலமாகும், அதில் வீடு கட்ட வேறொரு அனுமதி வேண்டும் என்றார் கருணாகரன். பிறகு அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் விதிப் புத்தகத்தைத் திறந்து, தொழில் நிலத்தில் என்னென்ன கட்டலாம் என்று வாசித்துக் காட்டினார். தொழிற்கூடம் கட்டலாம், சரக்கு அறை கட்டலாம். காவல்காரர் தங்க அறையும் அடுப்படியும் கட்டலாம், மொத்தக் கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

அடுப்படி என்று காதில் விழுந்ததும் சௌதாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாறே, பப்படம் போடுறது வியவசாயத்தில சேருமா?"

அவள் பப்படம் போடுவது ஊருக்கே தெரியும். புஷ்பபாயின் முற்றத்தில் பாயை விரித்துக் காயவைத்து, கோழிகளோடு மல்லுக்கட்டி, வாரம் ஒருமுறை பாறசாலைக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறாள். கருணாகரன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் சேரும் என்றார்.

புதுப் படிவத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. கருணாகரனையே எழுதச் சொன்னாள். இயந்திரத்துக்கு எத்தனை குதிரைசக்தி என்று அவர் கேட்டார். ரெண்டு கை உண்டு என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, இயந்திரம் இல்லை என்று எழுதினார். காவல்காரர் பெயர் கேட்டபோது அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட சோமனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நம்ம நெலத்துக்கு நான் காவல்காரனா? ஊருல சிரிப்பாங்கல்லா."

"சிரிக்கட்டு. நீங்க ஒரு எழுத்தை விட்டதுக்கு நான் ஒரு கம்பெனியே தொடங்கணும். நீங்க காவலுக்கு நிக்கப்பிடாதா?"

அனுமதி கிடைத்த மறுநாளே சோமன் தெரிந்த லாரிக்காரர்களைப் பிடித்துக் கல்லும் மணலும் இறக்கினான். தப்பு செய்தவனுக்கு வருகிற சுறுசுறுப்பே தனி.

ஜனவரியில் வேலை முடிந்து, கருணாகரன் டேப்போடு வந்தார். பப்படக் கூடத்தை அளந்தார், சரக்கு அறையை அளந்தார். காவல்காரர் பகுதியை இரண்டு தடவை அளந்தார். டேப்பின் மறுமுனையைச் சௌதாமினி பிடித்திருந்தாள். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அறையில் மூன்று தலையணையும் ஒரு பள்ளிக்கூடப் பையும் கிடந்தன. இங்கே யார் யார் தங்குவது என்று கேட்டார்.

"காவல்காரரும், அவருக்க பெண்டாட்டியும், பிள்ளையும் ஆக்கும்" என்றாள்.

கருணாகரன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மெதுவாக வாசித்தார். காவல்காரருக்குக் குடும்பம் கூடாது என்று இதில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் புஷ்பபாய் ஒரு தேங்காயோடு பார்க்க வந்தாள். கூடத்தைப் பார்த்துவிட்டு அடுப்படி வாசல்வரை வந்தவள், உள்ளே வராமல் நின்றாள். உள்ள வரட்டா என்று கேட்டாள். கேட்கும்போது குரல் தாழ்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் தான் நின்ற நிற்பு சௌதாமினிக்கு ஞாபகம் வந்தது. சொல்வதற்கு என்னென்னவோ வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் மனசு அவ்வளவு நிறைந்திருந்ததில் அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

"வாங்க அக்கா. தேங்காயத் துருவுங்க, நான் அரிசி கழுவுதேன்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.