ஃபுல்வியா கடையில் உட்கார்ந்த ஏரி

புது ஒயின் திறக்கும் புனித மார்ட்டின் திருநாளன்று ரொக்காவெர்தே என்ற மலையூருக்கு ஏறி வந்த ஏரி, வழக்கம்போல் ஒவ்வொரு கடையிலும் ஒரு குவளை குடித்துவிட்டு இறங்கிப் போகாமல், அந்த வருஷம் ஃபுல்வியாவின் கடையிலேயே உட்கார்ந்துவிட்டது. ஏரி வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வருஷா வருஷம் வருவதுதான். வாசலில் காலைத் துடைத்துக்கொள்ளாமல் உள்ளே நுழைகிறது என்பது ஒன்றுதான் அதன்மேல் ஊருக்கு இருந்த குறை.

ஃபுல்வியாவுக்குத்தான் அது கெட்ட நேரத்தில் வந்தது. அங்கே ஒயின் விற்க வேண்டுமென்றால் கதவுக்கு மேல் இலையோடு ஒரு பச்சைக் கொம்பு தொங்க வேண்டும். சரக்கு மட்டம் என்று ஊர்ச்சபை முடிவுகட்டினால் கொம்பை இறக்கிவிடுவார்கள். அதோடு கடையும் போயிற்று. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட திராட்சையில் அவளுக்குத் தேறியது ஒரே பீப்பாய், அதுவும் பல் கூசும் புளிப்பு. மறுநாள் சபையார் ருசி பார்க்க வருவதாக இருந்தது. எதிர்க்கடை ஜெர்மானோ, கொம்பு இறங்கியதும் வளைத்துப்போடலாமென்று அவளுடைய நிலவறையை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தான்.

ஏரியோ மேசைகளை மிதக்கவிட்டு, பீப்பாய்மேல் சாய்ந்துகொண்டு மடக்கு மடக்காகக் குடித்தது. ஜெர்மானோ ஜன்னலில் தலையை நீட்டினான்.

"பாராட்டுன்னு நெனச்சுக்காத, ஃபுல்வியா. உன் சரக்கக் குடிச்சு வயித்து வலி. எந்திரிக்க முடியல, பாவம்."

விடிந்து பார்த்தால் கீழே படகுகள் சேற்றில் குந்தியிருந்தன. மீனவன் தெல்மோ முழங்கால்வரை சேறோடு வந்து ஏரியைத் திருப்பிக் கேட்டான். எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். பாதிரியார் அதட்டிப் பார்த்தார். ஏரி ஒரு குமிழி விட்டதோடு சரி.

"அக்கா, பீப்பா போற எடத்துக்குத்தான் அது வரும். உருட்டிவிட்டாத்தான் உண்டு" என்றான் தெல்மோ.

"உருட்டிட்டு நான் எதடா விக்கிறது? உன் கால்ல இருக்கிற சேத்தயா?"

தெல்மோ தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். பேரம் பேசியிருந்தால் ஃபுல்வியா அவனை ஒரு கை பார்த்திருப்பாள். வாயே திறக்காதவனிடம் என்னத்தைப் பேசுவது? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீப்பாயை ஓர் உதை விட்டாள். அது சரிவில் உருண்டது. பின்னாலேயே ஏரியும், தாயைத் தேடும் கன்றுபோல, சந்து சந்தாக இறங்கி ஓடித் தன் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. கரைப் பாறையில் மோதிய பீப்பாய் உடைந்து, கடைசிச் சொட்டுவரை ஏரியோடு கலந்தது.

வெறுங்கையோடு ஏற மனமில்லாமல், தரையைக் கழுவவாவது ஆகட்டுமென்று ஒரு வாளி மொண்டுகொண்டு வந்தாள். வாசலில் சபையார் கொம்பை இறக்க ஏணியோடு நின்றிருந்தார்கள். வாளியில் பொன்னிறமாக ஏதோ மினுங்கியது. தலைவர் சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தார், பிறகு ஒரு குவளை, பிறகு ஏணியின்மேல் உட்கார்ந்துகொண்டு இன்னொரு குவளை. கொம்பைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அதே இடத்தில் ஜெர்மானோவும் மொண்டு பார்த்தான். அவனுக்குத் தண்ணீரும் ஒரு நத்தையும் வந்தன. ஃபுல்வியா மொண்டால் மட்டும்தான் ஒயின்.

ஊர் பார்க்க ரோமிலிருந்து வருகிறவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, கண்ணை மூடி, இது எந்த வருஷத்து ஒயின் என்று கேட்பதுண்டு.

"இன்னைக்குக் காலைலது" என்பாள் ஃபுல்வியா.

அவர்களும் தலையாட்டிவிட்டு, வறுத்த விலாங்கு இன்னொரு தட்டு கொண்டுவரச் சொல்வார்கள்.