தாயிசியாவின் இடது கணுக்கால்

நெஞ்சில் நியாயம் உள்ளவர்களே, வாருங்கள்! வோல்கா நதிக்கரையின் இந்தப் பனித்தளத்துக்கு வாருங்கள். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி எடைக்கருவியின் மேல் நிற்கிறாள். பாருங்கள், பார்த்தபின், தெரியாதென்று சொல்லாதீர்கள்.

அவள் தாயிசியா. எடையைப் படிப்பவள் ரிம்மா அர்காத்யெவ்னா. பனிச்சறுக்கு இணை நடனத்தில் நாட்டுக்கு வெள்ளி வென்றவள், இன்று பயிற்சியாளர். வயது முப்பத்தொன்பது, இடுப்பிலோ உலோக மூட்டு.

“இருநூறு கிராம் கூடியிருக்கே!”

“தண்ணிதான் குடிச்சேன், ரிம்மா அர்காத்யெவ்னா.”

“வாயைக் கொப்புளிச்சுத் துப்புன்னு எத்தனை தடவை சொல்றது?”

இணையாக ஆடும் க்ளேப் சிரித்தான். “சூரியகாந்தி விதை ஒண்ணை முழுசாத் தின்னுட்டா போல!”

டாங்கோ இசை எழுந்தது. திருப்பத்தில் தாயிசியா அவன் தோளில் சாய்ந்தாள். நடுவர்களுக்கு அது உருக்கமாகத் தெரியும். ரிம்மா இசையை நிறுத்தினாள். இடது காலை ஊன்ற முடியாதவள் செய்யும் தந்திரம் அது. பத்தொன்பது வயதில் ரிம்மாவும் செய்த தந்திரம்.

“காலணியைக் கழட்டு.”

கணுக்கால் கருநீலமாய் வீங்கியிருந்தது.

“எப்போலேர்ந்து?”

“மூணு வாரமா. சொன்னா ஜோடியை மாத்திடுவீங்களே!”

பொய்யில்லை. இங்கே பெண்கள் முப்பது பேர், பையன்கள் நாலே பேர். காயம்பட்டவளுக்காக எந்தப் பையனையும் காத்திருக்க விடுவதில்லை. அதோ, தடுப்பின் ஓரம், அதே உயரத்தில் இன்னொருத்தி சறுக்குக் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளை வரவழைத்தவர் தலைமைப் பயிற்சியாளர் எதுவார்த் ல்வோவிச், ரிம்மாவையும் ஆட்டுவித்தவர்.

“எலும்புல விரிசல் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கணும்,” என்றாள் ரிம்மா.

“தாராளமா எடு,” என்றார் எதுவார்த் ல்வோவிச். “ஆனா சனிக்கிழமை போட்டியில க்ளேப் ஆடியாகணும். இவளோட, இல்லேன்னா அவளோட. வலி தெரியாம ஊசி போட்டா நாலு நிமிஷம் தாங்கும். ஏம்மா ரிம்மா, அன்னிக்கு உனக்குத் தாங்கலியா?”

“தாங்குச்சு.”

“அப்புறம் என்ன?” உடல்தகுதிச் சான்றை நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்!” தாயிசியா ரிம்மாவின் கையைப் பற்றினாள். “இவன் போயிட்டா எனக்கு வேற ஆளே கிடையாது.”

ரிம்மா கையெழுத்திட்டாள். இட்ட கை நடுங்கவில்லை, அதுதான் கொடுமை! இருபது ஆண்டுகளுக்கு முன் தனக்காக இன்னொரு கை அப்படித்தான் நடுங்காமல் எழுதியது. தடுப்போரம் நின்ற பெண் மட்டும் கயிற்றைத் தளர்த்தவில்லை. காத்திருந்தாள்.

சனிக்கிழமை நீங்கள் அரங்கில் இருப்பீர்கள். தாயிசியா பனியில் கால் வைக்குமுன் எழுந்து நில்லுங்கள். “எக்ஸ்ரே எங்கே?” என்று கேளுங்கள். காட்டும்வரை ஆட்டத்தைத் தொடங்க விடாதீர்கள்!