மிதவையும் ஐந்து திருகாணிகளும்

சனிக்கிழமை காலை ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். புத்தகம் கட்டும் பைண்டர், பழைய காரின் திறந்த டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்து, முழங்காலில். அவர் மனைவி, கழற்றி வைத்த பின்சீட்டின்மேல், கையில் கந்தல் துணியோடு. மனைவியின் தம்பி, குழாய் வேலை பார்ப்பவன், கவிழ்த்த வாளியின்மேல், கையில் ஒன்றுமில்லாமல். மாடிவீட்டு அம்மா மட்டும் உட்காரவில்லை. நாற்காலி போட்டும் வாசலைத் தாண்டாமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த மூக்குதான் விஷயமே. இந்த வீட்டின் சொந்தக்காரருக்கு அந்த அம்மா தங்கை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் பத்து நாளைக்கு முன் பைண்டருக்கு எழுதியிருந்தார்: ‘ஷெட்டுக்கு நேர் மேலே உள்ள அறையில் என் தங்கை மகள் கைக்குழந்தையோடு தங்க வருகிறாள். பெட்ரோல் வாசனை நின்றது என்று என் தங்கை சொல்லி, நீங்கள் அடுத்த வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைத் தபாலில் எழுதினால் சரி. இல்லையெனில் வண்டி வெளியேற வேண்டும்.’

நியாயமான கடிதம். அதனால் கோபப்படக்கூட வழியில்லை. வண்டியை விட வேறு இடமும் இல்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்பவர் ஒருவர் வந்து, பூசணிக்காய் வாங்குபவரைப்போலக் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கால் வைக்கத் தரைத்தகடே இல்லாமல் வந்த வண்டியை ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு ஓட வைத்தவர்கள் பைண்டரும் மனைவியும்.

கசிவு, டிக்கிக்குள் இருந்த பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில். உள்ளே ஒரு மிதவை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று முன்னாலுள்ள முள்ளுக்குச் சொல்வது. அதைத் தாங்கும் உள்ளங்கை அகலத் தட்டை ஐந்து திருகாணிகள் டேங்கோடு பிடித்திருந்தன. பெட்ரோல் பாதிக்கு மேல் ஏறினால் தட்டு வியர்க்கும். பாதியோடு நிறுத்தி ஓட்டியும் பார்த்தார்கள். முதல் திருப்பத்தில் அலம்பியதும் மறுபடி வாசனை.

தட்டுக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள பேக்கிங்தான் குற்றவாளி என்று பைண்டர் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார். தாளும் அட்டையும் வெட்டிப் பிழைப்பவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. முதலில் புத்தகம் கட்டும் துணியைத் தன் கையால் காய்ச்சிய பசையில் ஒட்டினார். பசை பொருக்கு விட்டது. பிறகு தடித்த அட்டை, ஊறிப்போனது. மூன்றாவது, கடையில் வாங்கிய கார்க். மயிரிழை பிசகாத வெட்டு. அதுவும் கசிந்துகொண்டிருந்தது.

“அடுத்ததைத் தைச்சு, முதுகிலே பொன்னெழுத்துலே பேரும் போட்டுடுங்க அத்தான்,” என்றான் தம்பி.

“வாளியிலே உட்கார்ந்துகிட்டு வக்கணை பேசாதே மச்சான்.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றாள் மனைவி. “எங்கேயிருந்து வருதுன்னு பார்த்தீங்களா?”

“பேக்கிங்கிலேயிருந்துதான். வேறெங்கே?”

“பார்த்தீங்களா, நினைச்சீங்களா?”

பைண்டர் டிக்கியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். அவள் வீட்டுக்குள் போய், ரிப்பன் கட்டிய பவுடர் டப்பாவோடு வந்தாள்.

“அது யாருக்கு வாங்கினது?” என்றார் மாடிவீட்டு அம்மா.

“உங்க பேத்திக்குத்தான்மா. ஒரு கை இவளும் பூசிக்கட்டும்,” என்று வண்டியைக் காட்டினாள்.

கைக்குட்டைக்குள் சிரிப்பு கேட்டது.

தட்டைத் துடைத்துக் காயவிட்டு, பவுடரை அப்பினாள். நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டின் ஓரம் முழுக்க வெள்ளை வெளேரென்றே இருந்தது. கீழே இருந்த இரண்டு திருகாணிகளின் தலையைச் சுற்றி மட்டும் பவுடர் மெல்லக் கறுத்தது.

தம்பி வாளியை விட்டு எழுந்தான். “அத்தான், ஸ்க்ரூ ஓட்டை டேங்குக்குள்ளேயே போகுதா?”

“ஆமா, உள்ளேதான்.”

“அப்புறம் என்ன? பெட்ரோல் ஸ்க்ரூ மரையிலேயே சுத்திச் சுத்தி நடந்து வெளியே வருது. பேக்கிங் பாவம், அதுமேலே பழி! குழாயிலே தினமும் பார்க்கற கூத்துதான் இது.”

“தினமும் பார்க்கறவன் பத்து நாளா ஏன்டா சொல்லலே?”

“‘பேக்கிங் என் வேலை, தள்ளி நில்லு’ன்னது யாரு?”

பைண்டர் மூக்கைச் சொறிந்தார். மூக்கில் பவுடர் ஒட்டியது.

பேட்டரி வயர் முன்பே கழற்றியிருந்தது. தட்டுக்குக் கீழே இறங்கும்வரை பெட்ரோலைக் குழாய் வைத்துத் தகர டின்களில் இறக்கி, மூடி, வெளியே வெட்டவெளியில் வைத்தார்கள். தம்பி சைக்கிளில் பறந்து, ஐந்து செம்பு வாஷரும் பெட்ரோலுக்குத் தாங்கும் பசை ஒரு டியூபும் கொண்டுவந்தான். மனைவி ஒவ்வொரு மரையையும் துடைத்துக் கொடுத்தாள். தம்பி பசை தடவினான். இறுக்குவதை மட்டும் பைண்டர் யாருக்கும் விடவில்லை. புத்தகங்களை அழுத்தி வைக்கும் பிரஸ்ஸை ஒரு பக்கமாக இறுக்கினால் என்ன ஆகும் என்பது அவர் கைக்குத் தெரியும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தையும் சுற்றி வந்தார்.

டியூபில் போட்டிருந்தபடி ஒருநாள் காயவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் டேங்கை முழுக்க நிரப்பினார்கள். மறுபடி பவுடர். கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அதற்குள் பைண்டர் மூன்று முறை தண்ணீர் குடித்தார். சாதகமாக ஒன்று, பாதகமாக ஒன்று என்று இரண்டு கடிதங்கள் மேஜையில் தயாராக இருந்தன. பாதகமானதை அவர் முதலிலேயே எழுதிவிட்டார். மனசு உடைந்தபின் எழுதினால் கையெழுத்து கோணும் என்று.

கதவு திறந்தது. பவுடர் ஐந்து தலையிலும் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் தீர்ப்பு பவுடருடையது அல்லவே. மாடிவீட்டு அம்மா கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் முறையாக வாசலைத் தாண்டி, டிக்கிக்குள் தலையை நுழைத்தார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

“குழந்தை வாசனைதான் வருது,” என்றார்.

பைண்டர் அப்படியே வாளியில் உட்கார்ந்துவிட்டார். “எழுந்திருங்க அத்தான், அது என் இடம்,” என்றான் தம்பி. அவர் எழவில்லை. சிரிப்பதா அழுவதா என்று முகத்துக்கே தெரியவில்லை.

பாதகமான கடிதத்தை மனைவி நான்காகக் கிழித்தாள். மற்றதில் பைண்டர் ஒரு வரி சேர்த்தார்: ‘தங்கள் தங்கையார் இருமுறை முகர்ந்து திருப்தி தெரிவித்தார்.’ உறைக்குள் வைத்து, தன் பசைக் கிண்ணத்தில் விரலை விட்டுத் தடவினார். டேங்கில் பொருக்கு விட்ட அதே பசை, தாளை உடும்பாகப் பிடித்துக்கொண்டது.

தபால் பெட்டிவரை மனைவிதான் ஓட்டினாள், முழு டேங்கோடு. திருப்பத்தில் இருவரும் பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்தார்கள். ஒன்றுமில்லை. பைண்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உறையைப் போட்டார்.

“விழுந்துதா?”

“விழுந்துது. சத்தம் கேட்டுது.”