நீலத்துக்கு நடுவே மஞ்சள்

கண்ணுக்குள் சோப்பு நுரை, தலையில் ஊற்றிய தண்ணீர் காதை அடைத்துக்கொண்டு வழிகிற நேரம், அதனால் அமலோற்பவத்துக்கு முதலில் சத்தம் கேட்கவில்லை, சுவரிலிருந்து ஏதோ ஒன்று மூச்சுவிட்டு விலகுகிற மாதிரி தோளருகே ஓர் அசைவு மட்டும், பிறகுதான் காலடியில் சில்லுச்சில்லாகப் பச்சை, ஒரு ரோஜாக்கொத்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, அதற்கும் கட்டைவிரலுக்கும் நடுவே நாலு விரற்கடைகூட இல்லை. வெளியே ஞானதிக்கம் கதவைத் தட்டுகிறார், சிஸ்டர், சிஸ்டர், என்னாச்சு, என்று, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, அமலு, என்னாச்சும்மா, என்று. பதறவேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு நாள், இன்னும் பதற்றத்தில் அவருக்கு அவள் சிஸ்டர்தான். திருநெல்வேலியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் அவள் முப்பத்தோரு வருடம் நர்ஸ், அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், சிறுநீரகக் கல்லோடு வந்து படுத்தார், கல் விழுந்து வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு தடவை பஸ் ஏறி வந்தார், எதுக்கு வந்தீங்க, இப்ப வலி இருக்கா, என்று அவள் கேட்டபோது, இல்ல சிஸ்டர், ஒருவேளை திரும்ப வந்திருக்குமோன்னு கேக்க வந்தேன், என்றார், கல்லைப் பற்றி அவர் பேசவில்லை என்பது ஐம்பத்துநான்கு வயதில் அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் ஊசிமருந்தை எடுக்கப் போன கை எதை எடுக்கப் போனோம் என்று தெரியாமல் அப்படியே நின்றது.

ஒண்ணுமில்ல, டைல்ஸ்தான் விழுந்துட்டு, என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டாமலே விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், டாக்டர்கள் நெஞ்சில் தட்டுவதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், எங்கே காற்று, எங்கே நீர், ஓசையே சொல்லிவிடும், இங்கே முக்கால்வாசிச் சுவர் டொக் டொக் என்று வெறும் கூடாக ஒலித்தது. அப்போதுதான் சிரிப்பு அடங்கிப் பயம் வந்தது. இது லூர்தம்மாளின் சுவர். அவருடைய முதல் மனைவி, எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள், முன்னறையில் சின்னச் சிவப்பு பல்புக்கு மேலே படத்தில் இருப்பவள், இந்தப் பச்சையும் இந்த ரோஜாக்கொத்தும் அவள் தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும், வந்த நாளிலிருந்து உப்பு டப்பாவைக்கூட இடம் மாற்றாமல் விருந்தாளி மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறாள் அமலு, இப்போது, தான் குளிக்கும்போதா இது விழ வேண்டும். பெனிட்டா என்ன நினைப்பாள். பெனிட்டா, அவர்களுடைய மகள், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறது, கல்யாணத்தன்று கோயிலில் கடைசி வரிசையில் நின்றாள், சாப்பிட்டீங்களா, என்று மரியாதையாகக் கேட்டாள், அந்தக் கேள்விக்கு முன்னாலும் பின்னாலும் அமலுவை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை.

விழுந்தத மட்டும் ஒட்டிக்கிடுவோம், மத்ததத் தொட வேண்டாம், லூர்து அக்கா பாத்துப் பாத்து வாங்குனது, என்று அமலு சொன்னாள், கையில் பாதி ரோஜா. ஞானதிக்கம் அவளைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை. அவளா, அவளா வாங்குனா, அவ கேட்டது நீலம், கடல் நீலம் வேணும்னா, கடையில வர பத்து நாளாகும்னுட்டான், நமக்குப் பொறுமை ஏது, அன்னிக்கே இந்தப் பச்சைய வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன், பன்னெண்டு வருசம் அமலு, பன்னெண்டு வருசம் குளிச்சிட்டு வெளிய வரும்போதெல்லாம் ஏசிக்கிட்டேதான் வருவா, பாசி புடிச்ச கெணத்துல குளிச்ச மாதிரி இருக்குன்னு, ஆஸ்பத்திரிக்குக் கடைசியா போறப்பகூட, அந்தப் பச்சைய மாத்துங்கன்னுதான் சொல்லிட்டுப் போனா. சிரித்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் மாத்தல, ஏசுறதுக்கு ஆளில்லாம என்னத்த மாத்த, என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாத்தையும் உடைச்சிருவோம், இந்தத் தடவ நீயே தேர்ந்தெடு, நான் வாயே தொறக்க மாட்டேன், மாதா மேல சத்தியம், என்றார்.

நீயே தேர்ந்தெடு. அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது, நர்ஸ் விடுதியின் சுவர் வெள்ளை, வார்டின் சுவர் வெள்ளை, உடுத்திய சேலை வெள்ளை, பதினெட்டுப் பேருக்கு இரண்டு குளியலறை, அங்கே வாளியின் நிறம்கூட அவள் சொன்னதில்லை, இப்போது டைல்ஸ் கடையில் விசிறி மாதிரி நிறங்களை விரித்துக் காட்டுகிறார்கள், ஞானதிக்கம் சத்தியத்தைக் காப்பாற்ற உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறார். கை நீலத்தில் போய் நின்றது. எடுத்துவிட்டாள், மறுபடி போய் நின்றது. இது லூர்தம்மாள் கேட்டது அல்லவா, அவளுக்காக எடுக்கிறேனா, எனக்காகவா, என்று தடுமாறினாள், முத்துநகர் கடற்கரையில் கல்யாணமான மறுநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண் நிறைய இருந்த நீலம் இது, அது தனக்குத்தானே வந்தது, இரண்டு பெண்களுக்கு ஒரே நிறம் பிடிக்கக் கூடாதா, ஒரே ஆளையே பிடித்திருக்கும்போது, என்று நினைத்ததும் முகம் சிவந்துபோனது. இது, என்றாள்.

ஆனால் நிறத்தோடு வேலை முடியவில்லை. எதை வைத்து ஒட்டுவது, டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடுக்கை எதைக் கொண்டு அடைப்பது என்பதில் அவள் நர்ஸாகிவிட்டாள், மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு மூட்டையின் முதுகையும் படித்தாள், இது தரைக்கு, இது சுவருக்கு, இது பழைய டைல்ஸ் மேலேயே ஒட்ட, என்று கடைக்காரர் சொல்லச் சொல்லப் பழைய டயரியில் எழுதிக்கொண்டாள். வீட்டில் மேஸ்திரி ஆவுடையப்பன் காத்திருந்தார். பச்சையை எல்லாம் உடைத்துச் சுவரைக் கொத்தி வைத்திருந்தார், பசை மூட்டையைப் பார்த்ததும் காதில் செருகிய பென்சிலை எடுத்து மறுபடி செருகினார், இதெல்லாம் கடைக்காரனோட வித்தை, மதினி, நானும் இருவத்தஞ்சு வருசமா சிமெண்டுலதான் ஒட்டுதேன், ஒண்ணு விழுந்தது கெடையாது, என்றார். அப்ப இது யாரு ஒட்டுனது, என்று அமலு பச்சைக் குவியலைக் காட்டினாள். ஆவுடையப்பன் ஞானதிக்கத்தைப் பார்த்தார், ஞானதிக்கம் சத்தியத்தை நினைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். நான்தான், என்றார் ஆவுடையப்பன், குரல் பாதியாகியிருந்தது. அவள் ஒரு பச்சைத் துண்டைத் திருப்பினாள், நாலு மூலைக்கு நாலு, நடுவுக்கு ஒன்று, ஐந்து சிமெண்ட் உருண்டைகள், மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. அதன் முதுகில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள், மண் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டது, பிறகு புது நீலத்தின் முதுகில் விட்டாள், தாமரையிலைத் தண்ணீராய் உருண்டு நின்றது. பாருங்க அண்ணாச்சி, பழசு தண்ணி குடிச்சுது, அதனால சிமெண்டு அதுக்குள்ள இறங்கிப் பிடிச்சுது, இது குடிக்கவே மாட்டேங்குது, எப்படிப் பிடிக்கும், அதுக்குத்தான் இந்தப் பசை, என்றாள். ஆவுடையப்பன் தானும் ஒரு தடவை தண்ணீர் விட்டுப் பார்த்தார், இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். குடிக்க மாட்டேங்கே, என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அடுத்தது இடுக்கு. உடைத்த துண்டுகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய இடுக்குச் சாந்து விரல் வைத்ததும் மாவாக உதிர்ந்தது, ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை, மூலையில் பாதி காலியான ஆசிட் பாட்டிலைப் பார்க்கும்வரை. இது என்ன, என்று கேட்டாள். போர்வெல் தண்ணி உப்புல்லா, வெள்ள வெள்ளையா படியும், சனிக்கிழம சனிக்கிழம ஊத்தித் தேய்ச்சிருவேன், என்றார் ஞானதிக்கம், வாயைத் திறக்க மாட்டேன் என்றதை மறந்து, பெருமையாக. நீங்களே உங்க செவுத்துக்கு வெசம் வச்சிருக்கீங்க, என்றாள் அமலு, சிமெண்டுப் பவுடர ஆசிட் தின்னுட்டு, அது வழியா தண்ணி உள்ள போயிட்டு, இப்ப என் கால்ல விழப் பாத்துது. அவள் ஏசியது அவருக்குக் கேட்டது, கேட்டதும் அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. அதனால் எப்பாக்ஸி என்று முடிவாயிற்று, இரண்டு திரவமும் ஒரு பொடியும் சேர்த்துக் கலக்குகிற சாந்து, உப்பையும் ஆசிட்டையும் தாங்கும், ஆனால் முக்கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும். என்ன நிறம், நீலத்துக்கு நீலந்தானே, என்றார் மேஸ்திரி. மஞ்சள், என்றாள் அமலு. வேண்டாம் மதினி, அழுக்கு மாதிரித் தெரியும். நல்ல மஞ்சள், பூவரசம்பூ மஞ்சள், என்றாள், அவள் குரலில் அப்படி ஓர் உறுதியை அவளே கேட்டதில்லை.

பசையைக் கலக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி கலக்கி, பல்லுப்பல்லான கரண்டியால் சுவரில் சீப்பு வாரிய மாதிரி இழுத்து, ஒவ்வொரு நீலமாக அழுத்தி, நடுவே இடைவெளிக்காகப் பிளாஸ்டிக் கூட்டல்குறிகள் செருகி இரண்டு நாள் வேலை. அது பிடிக்க ஒரு நாள் விட்டு, மேஸ்திரி இடுக்கை அடைக்கத் தொடங்கிய பகலில் அவள் முன்னறை நாற்காலியில் கண்ணயர்ந்தாள், கனவில் வார்டு வருகிறது, கட்டில்கள் எல்லாம் நீலமாக இருக்கின்றன, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அவள் ஓடி ஓடித் தேய்த்த வழியெல்லாம் வெயில் விழுந்து மஞ்சளாகக் கிடக்கிறது, ஒரு கட்டிலில் லூர்தம்மாள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், காச்சலா அக்கா, என்று அமலு கேட்க, இல்லட்டி, சும்மா பாக்க வந்தேன், நீ வேலையப் பாரு, என்கிறாள். விழித்தபோது ஆவுடையப்பன் அலறிக்கொண்டிருந்தார். அவள் சொன்னபடி மூன்று பங்காகக் கலக்காமல் முழு டப்பாவையும் ஒரே தடவையாகக் கலக்கிவிட்டார், உச்சிவெயில் வேறு, சாந்து கைக்குள்ளேயே இறுகத் தொடங்கியிருந்தது, நீலத்தின் மேலெல்லாம் மஞ்சள் பூசிக்கிடக்கிறது, அப்படியே காய்ந்தால் ஆயுளுக்கும் போகாது. அவசர சிகிச்சைக்கு ஓடிப் பழகிய கால் தானாக ஓடியது. அண்ணாச்சி, நீங்க இடுக்குல மட்டும் அழுத்துங்க, டப்பாவ விடுங்க, ஏங்க, நீங்க அந்த ஸ்பாஞ்ச நனைச்சு மேல துடைங்க, குறுக்க துடைங்க, இடுக்க இழுத்துராதீங்க, வாளி மாத்துங்க, என்றாள், மூன்று பேரும் அந்தச் சின்னக் குளியலறைக்குள் முட்டியும் முழங்கையும் இடித்துக்கொண்டு தேய்த்தார்கள், ஞானதிக்கத்தின் நரைமீசையில் மஞ்சள், அவள் நெற்றியில் மஞ்சள், ஆவுடையப்பன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, எம்மா, எம்மா, இது பிரசவ வார்டு மாதிரில்லா இருக்கு, என்றார், சிரித்ததில் ஸ்பாஞ்சைத் தவறவிட்டாள், துடைத்து முடித்து நிமிர்ந்தபோது டப்பாவில் மிச்சமிருந்தது கருங்கல்லாகியிருந்தது, சுவர் மட்டும் ஈரமாக, நீலமும் நீலமும் சேருமிடமெல்லாம் மெல்லிய மஞ்சள் ஓட, பளிச்சென்று அவர்களைப் பார்த்தது. ஆவுடையப்பன் காதுப் பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். அழுக்கு மாதிரி இல்ல மதினி, என்றார்.

மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்று பக்கத்து வீட்டில் குளித்தார்கள், நாலாம் நாள் மாதா திருவிழாவுக்காக பெனிட்டா வந்து இறங்கினாள், பஸ் புழுதியோடு, குளிச்சிட்டு வந்திருதேன்ப்பா, என்று நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன், என்று ஞானதிக்கம் கிசுகிசுத்தார். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. அமலு அடுக்களை வாசலில் நின்றாள், கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் நின்றாள், ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர்களை இத்தனை வருடம் உட்காருங்க உட்காருங்க என்று அதட்டியிருக்கிறாளே, உட்கார முடியாது என்பது இப்போது தெரிகிறது. அப்பா, என்று உள்ளேயிருந்து குரல், இது நீலம். ஆமாட்டி, என்றார். அம்மா கேட்ட நீலமா. அவர் அமலுவைப் பார்த்தார். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, உங்கம்மா எந்த நீலம் கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா, எனக்கும் நீலம் பிடிச்சிருந்துது, அதான் எடுத்தேன், என்றாள் கதவைப் பார்த்து. உள்ளேயிருந்து அடுத்த கேள்வி வந்தது. அப்ப இந்த மஞ்சள். அது நான் மட்டும் கேட்டது, என்றாள் அமலு. உள்ளே முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு, சந்தேகமே இல்லை, சிரிப்பு, அப்பாவின் சிரிப்பேதான், இருமல் வரும்வரை நிற்காத சிரிப்பு, அம்மா இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் சேந்து அப்பாவ ஒரு வழி பண்ணிருப்பீங்க, என்று பெனிட்டா சொன்னாள், வாளி நகர்ந்தது, தண்ணீர் விழத் தொடங்கியது, விழுந்துகொண்டே இருந்தது, அவள் நாகர்கோவில் புழுதியை மட்டுமல்ல, வேறு எதையெல்லாமோ கழுவுவதுபோல் அவ்வளவு நேரம். பிறகு நின்றது. சித்தி, என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, துண்டு எடுக்காம வந்துட்டேன், ஒண்ணு தாங்களேன். ஞானதிக்கம் கொடிப்பக்கம் பாய்ந்தார். அமலு அவருக்கு முன்னால் போய்த் துண்டை உருவிக்கொண்டாள், நவுருங்க, என்னயத்தான் கூப்பிடுதா, என்றாள்.